இடது பின் ஸ்பீக்கர்

பரசுராமனுக்குச் சந்தேகம் என்பது பசி மாதிரி, வேளை தவறாமல் வரும். மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். அதில் பாதிக்கு மேல் மின் திருட்டைக் கண்டுபிடிக்கும் குழுவில். மீட்டருக்குப் பின்னால் ஒயரைத் திருப்பியவன், முத்திரையை உடைத்து மறுபடி ஒட்டியவன், மோட்டாருக்குக் கொக்கி போட்டவன் என்று மாவட்டம் முழுக்கப் பிடித்திருக்கிறார். பிடித்த இடத்திலேயே சாட்சி வைத்து அவர் எழுதிய மகஜர் ஒன்றுகூட மேலே போய்த் தள்ளுபடியானதில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் பழக்கம் விடவில்லை. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கி எடை பார்ப்பார், காஸ் சிலிண்டரைக் குலுக்கிப் பார்ப்பார். வேங்கிக்காலில் அவர் தெருக்காரர்கள் அவரைக் கண்டால் கொஞ்சம் மரியாதையாகவே பேசுவார்கள், தங்கள் வீட்டு மீட்டரை நினைத்துக்கொண்டு.

அவர் தனக்குக் கீழே வேலை கற்க வந்தவர்களுக்குச் சொன்ன முதல் விதி ஒன்று உண்டு. ஒரு லைனில் கரண்ட் இல்லை என்று சொல்வதற்கு முன்னால், கையில் இருக்கிற டெஸ்ட் லேம்ப் எரிகிறதா என்று கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். பியூஸான பல்பை நம்பிக் கம்பம் ஏறியவர்களில் ஒன்றிரண்டு பேர் உயிரோடு இறங்கவில்லை. இந்த விதியை அவர் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் ஒரு சவுண்ட் கார்டு விற்றாள் தென்றல். அவள் நேரம் அப்படி.

விஷயம் ஆரம்பித்தது மகன் செழியனால். ஓசூரில் சிறிய வீட்டுக்கு மாறியவன், தன் பழைய ஹோம் தியேட்டரை அப்பாவுக்கு அனுப்பிவிட்டான். சத்தத்தைப் பெருக்கும் ஒரு ஆம்ப், ஐந்து ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்கு டிரங்குப் பெட்டி அளவில் ஒரு ஊஃபர். ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரோடு இணைத்தால் தியேட்டரே தோற்றுவிடும் என்றான். ஆனால் அந்த ஆம்பில் டிஜிட்டலாகச் சத்தம் உள்ளே போக இருந்த ஒரே வழி ஆப்டிகல் ஒயர் செருகும் ஓட்டை. கம்ப்யூட்டரில் அந்த ஓட்டை இல்லை. ஆகவே ஒரு சவுண்ட் கார்டு வாங்க வேண்டும்.

போளூர் ரோட்டில் எட்டு மாதத்துக்கு முன்னால்தான் தென்றல் கடை போட்டிருந்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும், படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வந்தவள். கம்ப்யூட்டர் ரிப்பேர், லாட்ஜுகளுக்குக் கேமரா மாட்டுவது என்று தொழில் மெல்லப் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அவள் முதலில் கேட்டது, ஆம்பின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று. நம் வீட்டுக்குள் இருப்பதை எதற்கு இவள் படம் பிடிக்கச் சொல்கிறாள் என்று பரசுராமனுக்கு அப்போதே ஒரு நெருடல். அனுப்பினார், ஆனால் பின்னால் இருந்த பீரோ தெரியாதபடி துணி போட்டு மறைத்து எடுத்து அனுப்பினார்.

படத்தைப் பார்த்துவிட்டு அவள் இரண்டு கார்டுகளைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். ஒன்று விரல் நீளம், வெளியே செருகுவது. இன்னொன்று கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே மாட்டுவது, விலை நாலு மடங்கு.

"சார், இந்த ஆப்டிகல் ஒயர்ல சும்மா விட்டா ரெண்டு சேனல்தான் போவும். ஆறும் போவணும்னா மூட்டை கட்டித்தான் அனுப்பணும். படத்துல அந்த மூட்டைய அவங்களே கட்டி வெச்சிருப்பாங்க, சின்ன கார்டே அத அப்படியே தள்ளி விட்டுடும். மத்த சத்தத்துக்கெல்லாம் கார்டுதான் கட்டணும். சின்னது கட்டாது. பெரிசு கட்டும்."

விளக்கம் தெளிவாக இருந்தது. பரசுராமனுக்கு அதுதான் உறுத்தியது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர்கள் முன்கூட்டியே ஒத்திகை பார்த்தவர்கள் என்பது அவர் அனுபவம். சின்னதையே கொடு என்று வாங்கிப் போனார். அவள் சொன்னபடியே ஆயிற்று. படம் ஓடினால் ஐந்து ஸ்பீக்கரும் பேசின. கச்சேரி, செய்தி, செழியன் ஏற்றி வைத்திருந்த விளையாட்டு எதைப் போட்டாலும் பின்னால் இருந்த இரண்டும் வாயை மூடிக்கொண்டன. சின்னது தோற்கும் என்று இவ்வளவு சரியாக எப்படித் தெரிந்தது இவளுக்கு என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

இரண்டாவது தடவை பெரிய கார்டை வாங்கினார். அவளே வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுத்தாள். ஆம்பின் முகத்தில் டிஜிட்டல் என்று எழுத்து மின்னியது. அவள் போன பிறகு பரசுராமன் தன் நாற்காலியில் உட்கார்ந்து சோதனைச் சத்தத்தைப் போட்டார். ஒவ்வொரு ஸ்பீக்கராக உஸ்ஸென்று ஒலிக்கும் சத்தம் அது. முன் இடது, நடு, முன் வலது, பின் வலது, பின் இடது என்று ஆளை வலமாகச் சுற்றி வரும். சுற்றி வந்தது. ஆனால் கடைசி ஸ்பீக்கருக்கு வந்தபோது, கிரிவலத்தில் குபேர லிங்கம் வரை ஒழுங்காக நடந்து வந்தவன் கடைசியான ஈசானிய லிங்கத்துக்கு முன்னால் தொலைந்து போன மாதிரி, சத்தம் தேய்ந்து எங்கோ வலது பக்கம் போய் மங்கிவிட்டது. முன் இடதும் கொஞ்சம் கம்மிதான் என்று பட்டது.

மகஜர் எழுதுகிற நோட்டு மறுபடி வெளியே வந்தது. இடது ஸ்பீக்கரைக் கழற்றி வலது பக்கம் வைத்தார். அங்கே கணீரென்று பேசியது. வலது ஸ்பீக்கரை இடது பக்கம் வைத்தார். மங்கியது. ஆக, ஸ்பீக்கர் குற்றமற்றது. ஒயரை மாற்றினார், ஒயரும் குற்றமற்றது. ஆம்பைத் திறந்து தூசி தட்டினார், கார்டை வேறு இடத்தில் மாட்டினார். அந்த ஹாலில் அவர் மாற்றிப் பார்க்காதது அவர் உட்கார்ந்த நாற்காலி ஒன்றுதான்.

அவர் மனைவி சந்திரம்மாள் சமையலறையிலிருந்து வந்து நின்று கேட்டுவிட்டு, எல்லாப் பக்கமும் நன்றாகத்தானே கேட்கிறது என்றாள். பரசுராமன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இவளும் கீழ்பென்னாத்தூர். தென்றல் வீட்டுக்கு வந்தபோது இவளை அத்தை என்று கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. நோட்டில் அதையும் ஒரு ஓரமாகக் குறித்துக்கொண்டார்.

கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன், சந்திரம்மாளின் நகப்பூச்சை எடுத்து அதன் மூலையில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு புள்ளி வைத்தார். அவள் அதையே துடைத்து வேறு டப்பாவில் போட்டுக் கொடுத்தால் பிடித்துவிடலாம் அல்லவா. தென்றல் மறுபேச்சு பேசாமல் புதிதாக வேறொன்று கொடுத்தாள். புள்ளி இல்லை, வேறு கார்டுதான். அதிலும் இடது பின் மங்கிற்று.

அடுத்த தடவை கடைக்குப் போனபோது அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். தென்றல் பொறுமையாக, கடையிலேயே ஐந்து ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன், உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள் என்றாள். உட்கார்ந்தார். கடைக் கம்ப்யூட்டர், கடைக் கார்டு, கடை ஸ்பீக்கர். அங்கேயும் அதே கதை. பரசுராமனுக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சிகூட வந்தது, திருட்டு ஒயரின் நுனி கையில் சிக்கும்போது வருமே, அது. ஆக மொத்தச் சரக்கும் டூப்ளிகேட். கண்ணை மூடி உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டார். கண்ணைத் திறந்து திரும்பியபோது தென்றல் அவருக்கு இடது பக்கம், தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று அவருக்குத் தெரியாது. அவரையே ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, கடையில் இருந்த மற்ற இரண்டு பேரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள்.

அந்த மௌனத்தைப் பரசுராமனுக்கு நன்றாகத் தெரியும். ஒயர் அகப்பட்ட வீட்டிலெல்லாம் அதே மௌனத்தைப் பார்த்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் நின்று சந்திரம்மாள் போன் பேசிக்கொண்டிருந்தாள். அவர் வருவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். அதற்குள் அவர் காதில் விழ வேண்டியது விழுந்துவிட்டது. "நீ ஒண்ணும் சொல்லாத தென்றலு. நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இந்த ஒரு வருடமாகவே சந்திரம்மாள் அவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டு வருவதைக் கவனித்திருந்தார். சாப்பிடும்போது உதடு அசையும், கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். எல்லாம் இப்போது ஒரே கோட்டில் வந்து நின்றது. வீட்டுக்குள்ளேயே கொக்கி போட்டிருக்கிறார்கள்.

வேங்கிக்கால் குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அதன் வாட்ஸாப் குரூப்பில் இருநூற்று நாற்பது பேர், பாதிப் பேர் லாட்ஜும் கடையும் வைத்திருப்பவர்கள். பரசுராமன் ஒன்று சொன்னால் அங்கே அப்பீல் கிடையாது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் ராஜமாணிக்கம், தன் மூன்று மாடிக்கும் கேமரா மாட்டும் வேலையைத் தென்றலுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார், திங்கட்கிழமை ஆரம்பம். அந்த ஒரு வேலை ஒழுங்காக முடிந்தால் மற்ற லாட்ஜுகளும் அவளைத் தேடி வரும், நின்றுபோனால் கடைக்கு ஷட்டர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். பரசுராமனுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினார். மூன்று கார்டு, மூன்றும் போலி, கடை டெமோவிலேயே பிடித்தேன், சங்க உறுப்பினர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு அதை அனுப்பிவிட்டு, போனைச் சைலன்ட்டில் வைத்து ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டு, மனைவியோடு கிரிவலம் கிளம்பினார்.

பௌர்ணமிக் கூட்டம் அவருக்கு ஆகாது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலாற, இருவரும் மட்டும். நடக்கும் முறையில் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார். மலை வலது கைப்பக்கம். சித்தர்கள் நடக்கிற பக்கம் அது என்பதால் அதை விட்டுச் சாலையின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மனைவி அவருக்கு இடப்பக்கம். கல்யாணமான நாளிலிருந்து இதில் மாற்றமில்லை.

எம லிங்கம், நிருதி லிங்கம் தாண்டினார்கள். இந்த வருடம் கிரிவலப் பாதை எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று பரசுராமன் நினைத்துக்கொண்டார். முன்பெல்லாம் இடப்பக்கத்துக் கடைக்காரர்கள் சார் சார் என்று கூப்பிட்டுத் தொல்லை கொடுப்பார்கள், இப்போது வாய் திறப்பதில்லை. யாரோ கண்டித்திருக்க வேண்டும். சந்திரம்மாளும் பேசாமல் வந்தாள். குற்றமுள்ள நெஞ்சு எப்படிப் பேசும் என்று அதற்கும் அவர் மனதில் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

அடி அண்ணாமலை வந்தது. குடிநீர்க் குழாய்க்காக இடது ஓரத்தை நீளமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். இருவர் சேர்ந்து நடக்க இடமில்லை. சந்திரம்மாள் ஒரு நிமிடம் தயங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவரைச் சுற்றி வந்து வலப்பக்கம் நடந்தாள்.

"...அதுக்குத்தாங்க சொல்றேன், வேலூர்ல போயி ஒருதரம் காட்டிட்டா தெரிஞ்சிடும், இன்னா இப்ப, அது ஒண்ணும் தப்பில்லியே" என்றது அவள் குரல், திடீரென்று, பக்கத்தில்.

பரசுராமன் திரும்பிப் பார்த்தார். பாதி வாக்கியத்தில் பேச்சை ஆரம்பிக்கிறாளே, புத்தி ஏதாவது பிசகிவிட்டதா என்று நினைத்தார். திடீரென்று என்ன பேச்சு இது என்று கேட்டார்.

"திடீர்னா? எம லிங்கத்துலேர்ந்து பேசிக்கினு வரேங்க நானு."

"எங்க பேசின? வாயே தொறக்கலியே நீ."

சந்திரம்மாள் நின்றுவிட்டாள். மெல்ல, குழந்தைக்குச் சொல்வதுபோல், திரும்ப முதலிலிருந்து சொன்னாள். கடையில் தென்றல் அவருடைய இடது பக்கம் நின்று மூன்று தடவை சார் சார் என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் அசையவில்லை. கார்டில் ஒன்றும் இல்லை, சாருக்கு இடது காது கேட்கவில்லை போலிருக்கிறது, கடையில் ஆட்கள் இருந்ததால் நான் சொல்லவில்லை, நீங்கள் வீட்டில் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவள் போன் செய்திருக்கிறாள். வழி நெடுகத் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு சந்திரம்மாள் சொல்லி வந்தது அதைத்தான்.

"இந்த ஒரு வருஷமா நா பேசினா நீங்க பதிலே சொல்றதில்ல. செழியன் வூட்ல ரெண்டு மாசம் போயி இருந்துட்டேன்னு எம்மேல கோவம்னு நெனச்சிக்கினேன். சரி, எதுக்குப் பேசிக்கினுன்னு நானும் வுட்டுட்டேன்."

பரசுராமன் பையிலிருந்து போனை எடுத்தார். எப்போதும் வலது காதில்தான் வைப்பார். ஒரு வீடியோவைப் போட்டு வலது காதில் வைத்தார், கேட்டது. இடது காதுக்கு மாற்றினார். கையில் போன் அதிர்வது தெரிந்தது. வேறொன்றும் இல்லை. மறுபடி வலது, மறுபடி இடது. ஆயிரம் தடவை சொன்ன விதி அவருக்கு நினைவுக்கு வந்தது. எல்லா லைனையும் சோதித்தவர் கையிலிருந்த டெஸ்ட் லேம்பைச் சோதிக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு வருடம் அவள் என்னென்ன பேசியிருப்பாளோ.

குரூப்பைத் திறந்தார். காலையில் அனுப்பியதற்குக் கீழே நாற்பதுக்கும் மேல் பதில். நல்லவேளை சொன்னீர்கள், நன்றி ஐயா, கும்பிடுகிற கைகள். நடுவில் ராஜமாணிக்கம்: கேமரா வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அங்கேயே குழாய்ப் பள்ளத்தின் ஓரம் நின்று ராஜமாணிக்கத்துக்குப் போன் போட்டார். தப்பு என் காதில்தான், கார்டில் இல்லை என்று சொன்னார். ராஜமாணிக்கம் சிரித்தார்.

"இன்னாண்ணா, அந்தப் பொண்ணு வந்து அழுதுச்சா? உங்க வூட்டம்மாவுக்குச் சொந்தமாமே. வுடுங்கண்ணா, எனக்குப் புரியுது. நீங்கதான சொல்வீங்க, மொத வாக்குமூலந்தான் நெஜம், மாத்திச் சொன்னா யாரோ மாத்த வெச்சிருக்காங்கன்னு."

ஆமாம், அவர்தான் சொல்வார். சங்கக் கூட்டத்தில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். சந்தேகப்பட ஊருக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது என்னை நம்புங்கள் என்று எந்த வாயால் கேட்பது? மன்னிப்பு எழுதிக் குரூப்பில் போட்டார். அதற்கு வந்த முதல் பதில், யாருடைய அழுத்தம் ஐயா என்பதுதான்.

மீதி மலையைச் சுற்றி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், இருவரும் நேரே போளூர் ரோட்டுக்கு ஆட்டோ பிடித்தார்கள். ராஜமாணிக்கத்தையும் சங்கத்தில் இன்னும் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார். வராவிட்டால் செயலாளர் பதவியை இன்றைக்கே விடுகிறேன் என்று சொன்னதால் வந்தார்கள். தென்றல் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது, குரூப்பைப் பார்த்திருக்கிறாள். நாற்காலியில் போய் உட்கார்ந்தவரிடம், "வேணாம் சார், நீங்க எழுதினதே போதும்" என்றாள்.

"போதாதும்மா. நீ போடு. வரிசையா போடாத, கலைச்சிக் கலைச்சிப் போடு" என்றார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

முதல் சத்தம் வந்தது. வலது முன்னால் கை நீட்டினார். அடுத்தது, வலது பின்னால். மூன்றாவது கொஞ்சம் மங்கலாக வந்தது. இந்தத் தடவை தப்பக்கூடாது என்று தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கிக் கேட்டார். ஐயமே இல்லை. வலது பின்னால் என்று ஆள்காட்டி விரலை நீட்டினார், எத்தனையோ வீடுகளில் மீட்டரைக் காட்டி நீட்டிய அதே உறுதியோடு. அப்படியே விரலை எடுக்காமல் இன்னொரு கையால் துண்டை அவிழ்த்தார்.

நால்வரும் அவர் விரல் காட்டிய பக்கம் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அவருக்கு இடது பின்னால் இருந்த ஸ்பீக்கர்மேல் இருந்தது. சந்திரம்மாள் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கோ ராஜமாணிக்கம்" என்றார் பரசுராமன். "இதான் மகஜர். நீயே சாட்சி."

ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டு, தென்றலைப் பார்க்காமலே, நாளைக்கு எத்தனை மணிக்கு வேலையை ஆரம்பிப்பாய் என்று கேட்டார். எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றாள் அவள். மற்ற இருவரும் அங்கேயே நின்று குரூப்பில் ஏதோ தட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு தென்றல் அவருக்கு வலது பக்கமாக வந்து நின்றாள். கார்டைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், அவருக்கு இனி அந்தச் சின்னதே போதும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரசுராமன் ஒரு கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பினார்.

"இருக்கட்டும்மா, பெரிசே இருக்கட்டும். இனிமே அந்தச் சேர்ல இவ உக்காருவா. எங்கேர்ந்து இன்னா வருதுன்னு எனக்கு இவ சொல்லட்டும்."

கடைப் படியிறங்கும்போது சந்திரம்மாள் பழக்கப்படி அவருக்கு இடப்பக்கம் போனாள். பாதிப் படியில் நின்று, சுற்றி வந்து, வலப்பக்கம் நடந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவர் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.